தரைக்குக் கீழே பனியன் துணி

குழாயைப் பிளந்து வைத்தபோது உள்ளே மண் இல்லை. இளஞ்சிவப்பு நிறத்தில் பனியன் துணி இருந்தது.

ஈரமாகச் சுருண்டு, மட்கிய வாடையோடு இருந்தது. ஓர் ஓரத்தில் ஓவர்லாக் தையல்கூடப் பிரியவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்குக் கீழேயிருந்து வந்த துணி அது.

"யக்கா, மண்ணு வரல. துணில்லா வருது" என்றார் பால்ராஜ். எங்கள் துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவர் அவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வேலை செய்கிற மனிதர், இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

என் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கட்டடம் எழுப்புவதற்கு முன்னால், அந்த இடத்து மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இரும்பு முக்காலி நிறுத்தித் துளை போடுவோம். கொஞ்சம் கொஞ்சம் ஆழத்துக்கு ஒரு தடவை, கம்பியின் நுனியில் ஒரு குழாயை மாட்டி, கனமான சுத்தியலால் அடித்து இறக்குவோம். எத்தனை அடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால் மண்ணின் பலம் தெரிந்துவிடும். பிறகு குழாயை மேலே எடுத்து, இரண்டாகப் பிளந்து, உள்ளே சிக்கிய மண்ணைப் பார்ப்போம்.

முக்காலியைப் பார்த்தவுடன் ஊர்க்காரர்கள், "தண்ணி எத்தன அடியிலீங்க வரும்?" என்று கேட்பார்கள். தண்ணீர் வந்தால் எங்களுக்குக் கவலைங்க என்று சொன்னால், ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

உண்மையில் அன்றைக்குத் துணி வந்தது எனக்கு இரண்டாவது பயம். முதல் பயம் அதற்குச் சற்று முன்னால் வந்தது. சுத்தியலைத் தூக்கி ஓர் அடிகூட அடிக்கவில்லை. கம்பி தன் பாரத்திலேயே, தன் பாட்டுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வெண்ணெயில்கூடக் கம்பி அப்படி இறங்காது.

அந்தத் துளையிலிருந்து கையை நீட்டினால் பழைய கட்டடத்தின் சுவரைத் தொட்டுவிடலாம். சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் செக்கிங் செக்‌ஷன். தைத்து வந்த பனியன்களில் குறை பார்த்து, நூல் பிசிறு வெட்டும் பெண்கள் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் என் தங்கை சாந்தி.

அவள் தலையில் வைத்திருந்த கனகாம்பரம் எனக்குத் தெரிந்தது. மேலே இரண்டு மாடியிலும் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

பயந்தாங்கொள்ளியின் கால்கள்

"வாரா வாரம் பயந்துட்டேதான் இருப்பீங்களாங்க?" என்று இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாங்க. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். இதற்கு மருந்து இருந்தால் எழுதி அனுப்புங்கள், வாங்கிச் சாப்பிடுகிறேன்.

நாங்கள் சோமனூர்க்காரர்கள். அப்பா நாலு விசைத்தறி போட்டிருந்தார். தறிக் கூடத்துக்கும் நாங்கள் படுக்கும் அறைக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். தறி ஓடும்போது தரை அதிரும். பாயில் படுத்தால் அந்த அதிர்வு முதுகு வழியாக உள்ளே வரும். எங்களுக்கு அதுதான் தாலாட்டு.

ஊரில் மற்றப் பிள்ளைகள் சத்தம் கேட்டுப் பயப்படுவார்கள். நான் சத்தம் நின்றால் பயப்படுவேன். கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டால், தரை செத்துப்போன மாதிரி இருக்கும். உடனே எழுந்து உட்கார்ந்து அழுவேனாம். சாந்தி என்னைவிடச் சின்னவள், அசையாமல் தூங்குவாள்.

அவளுக்குப் பயம் என்பதே கிடையாது. முருகன் கோயிலுக்குப் படியேறும்போது கைப்பிடிச் சுவரில் ஏறி நடப்பாள். நான் கீழே நின்று கத்துவேன். "உனக்கு எதப் பாத்தாலும் பயமாக்கா?" என்று சிரிப்பாள். கல்யாணமாகி, அவளும் அவள் வீட்டுக்காரரும் என் வீட்டு மாடியிலேயே குடிவந்த பிறகும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

காலால் தரையைக் கேட்கும் பழக்கம் மட்டும் எனக்கு அந்தத் தறிக் கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. புது இடத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். பெரிய மரியாதைக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த வேலையை எனக்கு வாங்கித் தந்தவள் சாந்திதான். பல்லடத்திலிருந்து பொங்கலூர் போகும் வழியில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி. பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிதாக நாலு மாடி எழுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, "எங்கக்கா மண்ணு டெஸ்ட் பண்றவங்க சார்" என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெருமைதான். ஆனால் அங்கே நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் அவள் பேர் கெடும், வேலையும் போகலாம் என்ற கவலை கூடவே வந்தது.

வேலை ஆரம்பிக்கும் முன் ஒரு நாள், காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அவள் ஒன்று சொன்னாள்.

"எங்க கம்பெனியில ஒரு பைப்பு ஊளையிடுதுக்கா. மழ பேஞ்சா போதும். ஜன்னலுக்கு வெளிய இருந்துட்டு ஊஊன்னுது. நாங்க பேய்ப் பைப்புன்னு பேரு வெச்சுட்டோம். அந்த ஒடிசாப் புள்ளைக பயந்துக்கறாங்க. உன்னையக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சா நீ ஒரே நாள்ல வேலைய உட்டுருவ."

நானும் சிரித்தேன். செப்டிக் டேங்க் பைப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு இன்னொரு தோசை வைத்தேன்.

ஈசானி மூலையில் ஏழு கற்கள்

எங்கள் பக்கத்தில் காட்டுக் கிணறு என்றால் கன்னிமார் இருக்கும். ஏழு சின்னக் கற்களை நட்டு, சுண்ணாம்பு அடித்து, பொட்டு வைத்திருப்பார்கள். தண்ணீரைக் காப்பவர்கள் அந்த ஏழு பேரும். நிலம் கைமாறி, தென்னை போய், பனியன் கம்பெனி வந்த பிறகும் கன்னிமாரை எடுத்து எறிய யாருக்கும் மனசு வராது. காம்பவுண்டுக்குள் ஓர் ஓரமாக விளக்கு எரியும்.

அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கற்களைத்தான். கன்னிமார் இருந்தால் பக்கத்தில் கிணறு இருந்திருக்கும். மூடிய கிணற்றின்மேல் தூண் வந்துவிட்டால் அதைப்போல ஆபத்து வேறு இல்லை. எங்கள் தெரு முனையில்கூடத் தகரக் கூரைக்குக் கீழே ஏழு கற்கள் உண்டு. காலையில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

கம்பெனி முதலாளி ராமசாமி, அறுபதை நெருங்குகிறவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. நான் கேட்கும் முன்பே காம்பவுண்டின் வடகிழக்கு மூலைக்கு அழைத்துப் போனார். ஏழு கற்கள் புதுச் சுண்ணாம்போடு பளிச்சென்று இருந்தன.

"கெணறு இங்கதானுங்க அம்மிணி இருந்துச்சு. எங்கய்யன் மூடிப்போட்டாரு. கட்டடத்த நல்லாத் தள்ளித்தான் கட்டியிருக்குது. நீங்க பயப்படாதீங்க."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. வடகிழக்கு மூலையை விட்டு விலகியே துளைக்கு இடம் குறித்தேன். முதல் இரண்டு துளையும் அருமையாக வந்தன. மேலே செம்மண், அடுத்துச் சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. சுத்தியல் அடித்தால் கணீர் என்று திரும்பி வந்தது. மூன்றாவது துளை பழைய கட்டடத்தை ஒட்டி, தென்மேற்கில். கன்னிமாரிடமிருந்து இருப்பதிலேயே தூரமான இடம் அதுதான்.

அங்கேதான் துணி வந்தது.

பேய்ப் பைப்பு

துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாறை இருக்க வேண்டிய ஆழத்தில் பனியன். பாறையைத் தோண்டியவர்கள் யார்? எதற்காகத் தோண்டினார்கள்? எங்கள் ஊரில் பாறையை அவ்வளவு ஆழத்துக்கு வெட்டுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

முதல் நாள் நல்ல மழை. சுவரை ஒட்டிய மண் இன்னும் ஈரமாக இருந்தது. அப்போது அது கேட்டது. ஜன்னலுக்குக் கீழே, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்த ஓர் இரும்புக் குழாய் இடுப்பு உயரத்துக்கு நின்றது. அதன் வாயில் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். துண்டின் நுனி லேசாக ஆடியது. மற்றபடி எங்கும் காற்றே இல்லை.

துண்டை எடுத்தேன். குழாய்க்குள்ளிருந்து ஈரக் காற்று என் முகத்தில் அடித்தது. நீளமாக, சன்னமாக ஒரு சத்தம்.

எங்கள் பக்கம் சில குடும்பங்களில் கிணற்றைச் சும்மா மூடமாட்டார்கள். கிணற்றுக்கு உயிர் உண்டு, மூச்சை அடைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். பூசை போட்டு, நடுவில் ஒரு குழாயை நட்டு, அதைச் சுற்றி மண்ணைக் கொட்டுவார்கள். கிணறு அதன் வழியாக மூச்சு விட்டுக்கொள்ளும். எனக்கு இது தெரியும். தெரிந்தும், தோசைக் கல்லின் முன் நின்றபோது அது என் தலையில் ஏறவில்லை.

பால்ராஜிடம் நூலும் ஒரு நட்டும் கேட்டேன். நட்டைக் கட்டிக் குழாய்க்குள் விட்டேன். நூல் கையிலிருந்து ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ரொம்பக் கீழே, "களக்" என்றது.

தண்ணீர். மழையில் அது ஏறிக்கொண்டிருந்தது. ஏறுகிற தண்ணீர் காற்றை வெளியே தள்ளியதைத்தான் பெண்கள் பேய் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"யக்கா" என்றார் பால்ராஜ். "இந்தக் கெணறு செவுத்துக்கு இந்தப் பக்கத்தோட நிக்குமா, அந்தப் பக்கமும் போவுமா?"

நான் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். காட்டுக் கிணறு என்றால் வீட்டுக் கிணறு போலச் சின்ன வட்டம் இல்லை. நாலு பக்கமும் பாறையை வெட்டி, ஒரு வீட்டையே உள்ளே இறக்கிவிடலாம் என்ற அகலத்தில் இருக்கும். குழாய் நிற்பது அதன் நடுவில் என்றால், மீதிப் பாதி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

ஜன்னல் வழியாகச் சாந்தி என்னைப் பார்த்தாள். "என்னக்கா, பேய் பேசுச்சா?" என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டுச் சிரித்தாள்.

ஓடக் கூடாது

செருப்பைக் கழற்றிவிட்டுச் செக்கிங் செக்‌ஷன் வாசலில் நின்றேன். மாடியில் ஓடும் மிஷின்களின் அதிர்வு தரை வழியாக வந்தது. வாசலருகே அது கெட்டியாக, சின்னதாக இருந்தது. சுவரை ஒட்டியே ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்ந்தேன். அங்கே அதிர்வு பெரிதாகி, உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல் வந்தது. கையில் இருந்த கம்பியால் தரையை மெல்லத் தட்டினேன்.

டொம்.

கெட்டித் தரை அப்படிச் சத்தம் போடாது. வாசலில் தட்டினேன், "டக்" என்றது. மறுபடி இங்கே. டொம். அந்த இடத்தின்மேல் இரண்டு பெரிய மேஜை, மலை மலையாகப் பனியன், ஏழெட்டுப் பெண்கள், அவர்களில் என் தங்கை.

முதலாளியிடம் போனேன். ஓடவில்லை, ஓடப் பயமாக இருந்தது. அன்று மத்தியானம் கண்டெய்னர் வர வேண்டிய நாள். அவர் பேக்கிங் செக்‌ஷனில் நின்று அட்டைப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியைக் காட்டினேன்.

"இதுக்கேனுங்க இப்படி வேர்த்துப் போயி வர்றீங்க?" என்று சிரித்தார். "நம்ம ஊர்ல எங்க தோண்டுனாலும் கட்டிங் வேஸ்ட்டு வருமுங்க."

"இத்தன ஆழத்துல வராதுங்க. கெணறு அந்த ஜன்னலுக்கு அடியில இருக்குதுங்க. எல்லாரையும் வெளிய கூப்புடோணும்."

"கெணறு கன்னிமாருகிட்டங்க அம்மிணி. நாந்தான் காட்டுனனே?"

"ஜன்னலுக்கு வெளிய மண்ணு இறங்குமாங்க?"

அவர் யோசித்தார். "ஆமாங்க. ஒவ்வொரு மழைக்கும் எறங்கும். ஒரு டிராக்டர் மண்ணு கொட்டிச் சமன் பண்ணிருவோம்."

"வெளிய எறங்குனதுக்கு நீங்க கொட்டுனீங்க. உள்ள எறங்குனதுக்கு ஆருங்க கொட்டுனாங்க?"

அவர் முகம் மாறியது. ஆனாலும், "கன்னிமாரு அங்கதான் இருக்குது" என்றார் மறுபடியும், தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு சட்டென்று நிறுத்தினார்.

"அம்மிணி, நான் காங்கேயத்துல ஹாஸ்டல்ல படிச்சிட்டிருந்தனுங்க. லீவுக்கு வந்தப்ப கெணறே இல்ல. வாஸ்துக்காரரு சொன்னாருன்னு கன்னிமார ஈசானி மூலைக்கு எடுத்து வெச்சோம். நானே ஒரு கல்லத் தூக்கியாந்தனுங்க." ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். "இந்தப் பக்கமிருந்துதானுங்க தூக்கியாந்தேன்."

அத்தனை வருஷமும் அது அவருக்குத் தெரியும். ஆனால் தினமும் அந்த மூலையில் விளக்கு வைத்து வைத்து, கற்களோடு சேர்ந்து கிணறும் அவர் மனசில் அங்கே போய்விட்டது. அந்த வீட்டில் எல்லாருக்குமே அப்படித்தான். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

அவர் சைரன் பட்டனை நோக்கிக் கையைக் கொண்டு போனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். சைரன் அடித்தால் மாடியில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஓடி இறங்குவார்கள். இறங்கி வெளியே போகும் வழி செக்கிங் செக்‌ஷன் வழியாகத்தான். இன்னொரு ஷட்டரை ஏற்றுமதிப் பெட்டிகள் அடைத்துக்கொண்டிருந்தன. அவ்வளவு கால்களும் ஒரே நேரத்தில் அந்தத் தரையில் ஓடினால்?

முதலில் பெட்டிகளை நகர்த்தினார்கள். பால்ராஜும் பேக்கிங்கில் இருந்த வடநாட்டு ஆட்களும் கை மாற்றிக் கை மாற்றி எடுத்தார்கள். நான் செக்கிங் வாசலில் நின்று, "சுவத்த ஒட்டியே வாங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள், இவ்வளவு சீக்கிரம் டீயா என்று கேட்டுக்கொண்டு. ஒவ்வொருத்தியும் எழும்போது நான் தரையைத்தான் பார்த்தேன்.

சாந்தி கடைசியாக வந்தாள். என் கையில் இருந்த துணியையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"மேல இருக்கறவங்களுக்கு நான் சொல்றன்க்கா. என்ர பேச்சக் கேப்பாங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் படி ஏறிவிட்டாள். அவள் மாடியில் இருந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமான நேரம். அவள் ஒவ்வொரு வரிசையாக மிஷினை நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு வரிசையாக அனுப்பினாள். ஜனங்கள் ஷட்டர் வழியாக வெளியே போய், மண்ணில் நின்று செல்போனைப் பார்த்தார்கள். மேலே சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என் உள்ளங்காலில் அதிர்வும் குறைந்துகொண்டே வந்தது.

கடைசி மிஷினும் நின்றது. சோமனூரில் கரண்ட் போனது போல இருந்தது. அந்த அமைதியில், தரைக்குக் கீழே எங்கோ ஈரமாக ஏதோ பிரிந்து விழும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று இன்றுவரை தெரியாது.

சாந்தி இறங்கி வந்தாள். எல்லாரையும் அனுப்பிவிட்ட நிம்மதியில், பழக்க தோஷத்தில் நேராகத் தன் ஸ்டூலைப் பார்த்து நடந்தாள். ஸ்டூலுக்குக் கீழே அவள் டிபன் பாக்ஸ் இருந்தது.

நான் கத்தினேன். வார்த்தையாக எதுவும் வரவில்லை. கோயில் கைப்பிடிச் சுவருக்குக் கீழே நின்று கத்துவேனே, அதே கத்தல். அவள் ஒரு கால் முன்னே வைத்தபடி நின்றாள். திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

காலை மெதுவாகப் பின்னால் எடுத்து, சுவரோடு சுவராக என்னிடம் வந்து, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

நாலு விரல் கனம்

நான் பயந்ததெல்லாம் சரியென்று ஆனால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லீங்க.

கட்டடத்தைப் பூட்டி, மாடிகளைக் காலி செய்து, தூண்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகு, ஒரு நாள் அந்தத் தரையை உடைத்தார்கள். வெளியே கெட்டியான இடத்தில் நின்றுகொண்டு, நீளக் கை வைத்த இயந்திரத்தை ஜன்னல் இருந்த ஓட்டை வழியாக நீட்டித்தான் உடைத்தார்கள். சாந்தியும் நானும் தூரத்தில் நின்றோம். முதலாளி கன்னிமார் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்.

இரண்டு மூன்று அடிதான். தரை மொத்தமாக மடங்கி உள்ளே போனது. மேஜை, பனியன் குவியல், ஸ்டூல், டிபன் பாக்ஸ், எல்லாம். ஒரு கணம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு தண்ணீரில் விழும் சத்தம் வந்தது.

ஓரத்தில் ஒட்டியிருந்த கான்கிரீட்டைப் பார்த்தேன். நாலு விரல் கனம் இருக்கும். அதற்குக் கீழே வெறும் இருட்டு. அதற்கும் கீழே கறுப்புத் தண்ணீரில், மஞ்சளும் பச்சையும் சிவப்புமாகப் பழைய கட்டிங் துணி மிதந்தது. கிணற்றை நிரப்ப மண் வாங்குவானேன், கம்பெனிக் கழிவு கிடக்கிறதே என்று நினைத்திருக்கிறார்கள். நம் ஊரில் யாருக்குமே அப்படித்தான் தோன்றும். மேலாகச் செம்மண்ணைக் கொட்டி மிதித்திருக்கிறார்கள். துணி வருஷா வருஷம் மட்கி, அமுங்கி, கீழே போய்விட்டது. தரை மட்டும் அந்தரத்தில் நின்றிருக்கிறது. மூலைத் தூண் ஒன்று, கிணற்றின் விளிம்புப் பாறையில் பாதிக் கால் வைத்து நின்றதையும் அன்றுதான் பார்த்தோம்.

"நான் தெனமும் அதும்மேல உக்காந்துட்டு சாப்புட்டிருக்கறேன்" என்றாள் சாந்தி.

முதலாளி அந்தக் கிணற்றை முழுக்கத் தோண்டி எடுத்து, கல்லும் கான்கிரீட்டும் போட்டு நிரப்பினார். தூணைப் பலப்படுத்திய பிறகே மிஷின்கள் திரும்ப ஓடின. சாந்தி மறுபடி வேலைக்குப் போனாள். வேலை போகவில்லை. ஆனால் அவளிடமிருந்து வேறு ஒன்று போய்விட்டது.

இப்போது எங்கே போனாலும் அவள் குதிகாலால் தரையைத் தட்டுகிறாள். கல்யாண மண்டபத்தில், பேங்கில், காதர்பேட்டைக் கடைகளில். யாருக்கும் தெரியாமல் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்கிறாள். கோயில் படியில் நடுவில்தான் நடக்கிறாள், என் கையைப் பிடித்துக்கொண்டு. எத்தனையோ வருஷம் அவள் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன். இப்படி வேண்டவில்லை.

போன வாரம் தெரு முனையில் ஸ்கூட்டரை நிறுத்திக் கும்பிடும்போது, பின்னால் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கன்னிமாரு இருந்த எடத்துலயே இருக்குதா? இல்ல, இதையும் ஆராச்சும் ஈசானி மூலைன்னு நகத்தி வெச்சாங்களா?"

எனக்குத் தெரியாது. எங்கள் தெரு மொத்தமும் ஒரு காலத்தில் தோட்டம்தான். சைட் பிரித்து, யாரோ கட்டி முடித்த வீட்டைத்தான் நாங்கள் வாங்கினோம். ஊர் மண்ணையெல்லாம் துளை போட்டுப் பார்த்தவள், என் வீட்டு மண்ணைப் பார்த்ததில்லை. பார்க்கப் பயம்.

இதை எழுத உட்காரும் முன், இன்று காலை, அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தேன். விடிய விடிய நல்ல மழை. சாந்தி மாடியிலிருந்து இறங்கி வந்து, ஹாலில் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிக்கொண்டே போவது கேட்டது. டக். டக். டக். பிறகு நின்றது. மறுபடி அதே இடத்தில் தட்டினாள்.

எட்டிப் பார்த்தேன். சோபாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் குனிந்து, காதைத் தரையில் வைத்திருந்தாள்.

"அக்கா" என்றாள், தலையை எடுக்காமலே. "சித்த இங்க வந்து கேளு."

நான் அடுப்பை அணைத்தேன். வீட்டுச் செருப்பைக் கழற்றினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டியே அவளிடம் போனேன்.